0.39-ஐ விட்டு நகராத பிராசசர்

இன்டெல் கோர் ஐ5-8250யு. நான்கு கோர், எட்டு த்ரெட். அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.4 வரை போகும். 2017-இல் வந்த சிப் என்றாலும் எக்செல், குரோம், கூகுள் மீட் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் இன்றைக்கும் தாங்கும். ஆனால் என் மேசைக்கு வந்த லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜர் காட்டியது 0.39 கிகாஹெர்ட்ஸ். வேறு எதையும் திறக்காமல் வைத்திருந்தாலும் 0.39, குரோமில் நாலைந்து டேப் திறந்தாலும் அதே 0.39. பயன்பாடு மட்டும் 100 விழுக்காட்டில் நிற்கிறது.

லேப்டாப் ஓர் ஆசிரியையுடையது. பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கிறார். எனக்கு அவர் பாடம் நடத்தியதில்லை, ஆனாலும் எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் முதலில் காட்டியிருக்கிறார். சார்ஜரை மீட்டரில் அளந்து "சார்ஜர் நல்லாத்தான் இருக்கு" என்றார்களாம். அப்புறம் மதர்போர்ட் போய்விட்டது, மாற்ற 700 ரிங்கிட் ஆகும், அதற்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"தம்பி, ஒரு ஃபைல் திறக்கிறதுக்குள்ள நான் மைலோ கலக்கிக் குடிச்சு முடிச்சிடுறேன். பிபிடி வகுப்பறை மதிப்பீடு முழுக்க இதுலதான் இருக்கு. உள்ள இருக்கிறத மட்டுமாவது எடுத்துக் கொடுத்துடு" என்றார்.

ஃபைல்களை எடுத்துக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. வன்தட்டைக் கழற்றி வெளியே மாட்டினால் முடிந்தது. என்னை உட்கார வைத்தது அந்த 0.39-தான்.

பிராசசர் வேகம் குறைந்து நிற்பதைப் பார்த்தவுடன் கோளாறு என்று முடிவு கட்டக்கூடாது. வேலை இல்லாதபோது அது தானாகவே இறங்கி ஓடும், மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். ஃபைல்களைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருளில் பிராசசருக்கு வேலை கொடுத்து அளக்கும் பெஞ்ச்மார்க் இருக்கிறது, அதை ஓடவிட்டாலே போதும். ஓடவிட்டேன். எண் அசையவில்லை.

எண் எப்படி நிற்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சூட்டினால் வேகம் குறைகிறது என்றால் வரைபடம் பல் பல்லாக இருக்கும்: ஏறும், சூடாகும், இறங்கும், ஆறும், மறுபடி ஏறும். விண்டோஸ் அமைப்பில் யாராவது உச்சவரம்பு வைத்திருந்தால் அந்த விழுக்காட்டுக்கு ஏற்ற ஏதோ ஒரு வேகத்தில் போய் நிற்கும். இங்கேயோ நேர்கோடு. 0.39 என்பதும் எங்கிருந்தோ வந்த எண் அல்ல. இந்த வகைச் சிப்புக்கு அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், மிகக் குறைந்த பெருக்கி 4. ஆக 400 மெகாஹெர்ட்ஸ். அளந்தால் அந்த 100 உண்மையில் ஒரு துளி குறைவாகவே இருக்கும், அதனால் 399 என்று வந்து திரையில் 0.39 ஆகிறது. குறைந்த பெருக்கி 8 உள்ள பழைய மாடல்களில் இதே நோய் 0.79 என்று தலைகாட்டும். அதாவது, இறங்கக்கூடிய கடைசிப் படியில் சிப் நிற்கிறது. தற்செயலாக அங்கே போய் நிற்காது, யாரோ நிற்கச் சொல்லியிருக்க வேண்டும்.

யார் என்பதுதான் கேள்வி.

விண்டோஸ் மேல் சந்தேகம் வருவது இயல்பு, அதனால் அதை முதலில் தள்ளிவைத்தேன். பவர் ஆப்ஷனில் அதிகபட்ச பிராசசர் நிலை 100 விழுக்காடு, சரியாகத்தான் இருந்தது. உபுண்டு லினக்ஸ் போட்ட யூஎஸ்பியில் பூட் செய்து பார்த்தேன். அங்கேயும் வேகம் காட்டும் டர்போஸ்டாட் 400 சொச்சத்தில் நின்றது. விண்டோஸுக்கு முன்னாலேயே எழும்பும் பயோஸின் மெனுவில் அம்புக்குறியை அழுத்தினால்கூட ஓர் இழுவை தெரிந்தது. விண்டோஸ் எழும்புவதற்கு முன்னாலேயே வேகம் போய்விட்டது என்றால் விண்டோஸை மறுபடி நிறுவி ஆகப்போவது ஒன்றுமில்லை. இணையத்தில் இந்த அறிகுறியைத் தேடுகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரையே "ஃபார்மட் பண்ணு" என்பதுதான். ஒரு யூஎஸ்பியும் பத்து நிமிடமும் இருந்தால் அந்த வீண் வேலையைத் தவிர்க்கலாம்.

அடுத்தது எச்டபிள்யூஇன்ஃபோ, உள்ளே இருக்கும் சென்சார்களைப் படித்துக் காட்டும் மென்பொருள். சென்சார் பக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் காரணங்கள் என்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே ஆம் அல்லது இல்லை என்று காட்டும். இங்கே சூட்டு நிகழ்வு: இல்லை. மின்வரம்பு: இல்லை. ப்ராக்ஹாட்: ஆம். சிப்பின் சூடு அப்போது 46 டிகிரி. இந்தச் சிப்புக்கு எல்லை 100 டிகிரி. 46-இல் இருந்துகொண்டு "நான் கொதிக்கிறேன்" என்று ஒரு சிப் தானாகச் சொல்லாது. வெளியிலிருந்துதான் சொல்லியிருக்கிறார்கள்.

ப்ராக்ஹாட் என்பது பிராசசரிலிருந்து வெளியே வரும் இணைப்புகளில் ஒன்று. சிப் எல்லையைத் தொட்டால் அந்தக் கோட்டின் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்து மற்றவர்களுக்குத் தெரிவிக்கும். பெரும்பாலான லேப்டாப்களில் இது இருவழிப் பாதை. போர்டில் உள்ள மற்ற உறுப்புகளும் அதே கோட்டைக் கீழே இழுக்கலாம், இழுத்தால் பிராசசர் கேள்வி கேட்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோயில் மணிக்கயிறு மாதிரி: யார் இழுத்தாலும் ஒரே சத்தம்தான், இழுத்தது யார் என்று மணி சொல்லாது. மின்னழுத்தச் சீராக்கி சூடாகியிருக்கலாம். சார்ஜிங் சிப் மின்னோட்டம் மிகுந்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். விசைப்பலகை, விசிறி, பேட்டரி ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் இசி என்ற சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் ஏதோ பிடிக்காமல் இழுத்திருக்கலாம்.

இந்த இடத்தில்தான் பலரும் குறுக்கு வழியில் போகிறார்கள். த்ராட்டில்ஸ்டாப் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் முதல் பக்கத்திலேயே பிடி ப்ராக்ஹாட், அதாவது இருவழி ப்ராக்ஹாட், என்று ஒரு கட்டம், டிக்கை எடுத்தால் பிராசசர் வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைக் காதில் வாங்காது. உள்ளே அது செய்வது பிராசசரில் இருக்கும் 1எஃப்சி என்ற அமைப்புப் பதிவேட்டின் கடைசி பிட்டைப் பூஜ்யம் ஆக்குவதுதான், லினக்ஸில் ஒரே கட்டளையில் முடிந்துவிடும். எடுத்த நொடியே வேகம் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். "சரியாயிடுச்சு" என்று மூடிவிடுவார்கள்.

இதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறார். அந்தக் கட்டம் சோதனைக்கு அருமையான கருவி. டிக்கை எடுத்தவுடன் வேகம் திரும்பினால், பிராசசர் நலம், போர்டின் முக்கிய மின்பாதை நலம், கோளாறு சமிக்ஞையில்தான் என்று உறுதியாகிவிடுகிறது. நானும் எடுத்துப் பார்த்தேன், 3.3 வரை ஏறியது. 700 ரிங்கிட் போர்ட் என்ற பேச்சு அங்கேயே செத்துவிட்டது. ஆனால் அதை வைத்தியமாக எடுத்துக்கொள்வது வேறு விஷயம். சிப்பின் சொந்தச் சூட்டுப் பாதுகாப்பு அப்போதும் வேலை செய்யும், அதில் பயமில்லை. மின்சீராக்கி உண்மையிலேயே வேகிறது என்பதற்காகக் கயிற்றை இழுத்திருந்தால்தான் ஆபத்து, அந்தக் கூப்பாட்டை நாம் அடைத்துவிட்டோம். இழுத்தது யார் என்று தெரியும்வரை நிரந்தரமாக அணைத்து வைக்க எனக்கு மனம் வராது.

சரி, யார் இழுத்தது?

டீச்சரிடம் வேறென்ன தொந்தரவு என்று விசாரித்தேன். "பேட்டரி ரொம்ப நாளாவே ஏறுறதில்ல தம்பி. பழசாச்சுன்னு விட்டுட்டேன். சார்ஜரைப் பிடுங்கினா உடனே அணைஞ்சுடும்" என்றார். "ஆன் பண்றப்ப ஏதாவது எழுத்து வருமா டீச்சர்?" என்று கேட்டேன். "ஆமா, கறுப்பா ஒரு பக்கம் வரும். ஏதோ ஒரு பட்டனைத் தட்டினா போயிடும்."

அந்தக் கறுப்புப் பக்கத்தை நிறுத்திப் படித்தேன். அடாப்டரின் வகையும் வாட்டேஜும் கண்டறிய முடியவில்லை, பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம், கணினியின் வேகமும் குறையலாம் என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. பயோஸில் போய்ப் பார்த்தால் அடாப்டர் என்ற வரியில் 'தெரியவில்லை' என்று இருக்கிறது.

இந்தத் தயாரிப்பின் சார்ஜர் முனையைப் பார்த்தால் உருளைக்கு நடுவே ஊசி போல ஒரு பின் இருக்கும். உருளையின் வெளிப்பக்கம் தரை, உட்பக்கம் 19.5 வோல்ட். நடு ஊசி மின்சாரம் கொடுப்பதற்கு அல்ல, பேசுவதற்கு. சார்ஜருக்குள்ளே ஒரு குட்டி நினைவகச் சிப் இருக்கிறது. செருகியவுடன் இசி அந்த ஒற்றைக் கம்பி வழியாக "நீ எத்தனை வாட்?" என்று கேட்கும், "19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், 65 வாட்" என்று பதில் வரும். பதில் வந்தால் எல்லாம் சுபம். வராவிட்டால் வந்திருப்பது 45 வாட் சார்ஜரா, 90 வாட் சார்ஜரா, ஏதோ மலிவு நகலா என்று இசிக்குத் தெரியாது. அதனால் இரண்டு காரியம் செய்கிறது: பேட்டரிக்கு மின்சாரம் தருவதை நிறுத்துகிறது, ப்ராக்ஹாட் கயிற்றை இழுத்துப் பிராசசரைக் கடைசிப் படியில் உட்கார வைக்கிறது. எவ்வளவு இளைத்த சார்ஜராக இருந்தாலும் தாங்கட்டும் என்ற எண்ணம். முன்ஜாக்கிரதை சரிதான். ஆனால் விண்டோஸுக்குள் வந்த பிறகு இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைக்காரர் மீட்டரில் பார்த்தது 19.5 வோல்ட்டை மட்டும். நானும் பார்த்தேன், 19.6 வந்தது. மின்சாரம் வருகிறது, பேச்சு வருகிறதா என்பதை அந்த அளவு சொல்லாது.

சாதாரணமாக இந்தச் சோதனைக்குச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்ப்போம். பேட்டரியில் வேகம் திரும்பினால் குற்றவாளி சார்ஜர் பக்கம்தான். இங்கே பேட்டரி பூஜ்யத்தில் கிடப்பதால் அந்த வழி அடைபட்டது. பயோஸைப் புதுப்பித்துப் பார்க்கலாம் என்றால் அதற்கும் பேட்டரி 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்று மறுக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து இசியை மறுதொடக்கம் செய்தேன். ஒன்றும் மாறவில்லை.

பக்கத்து பிளாக்கில் ஒரு பையனிடம் அதே தயாரிப்பின் லேப்டாப், அதே 65 வாட் சார்ஜர். இரவல் வாங்கி மாட்டினேன். அப்போதும் 'தெரியவில்லை'. டீச்சரின் சார்ஜரை அவன் லேப்டாப்பில் மாட்டினால் உடனே 65 வாட் என்று காட்டுகிறது. சார்ஜர் விடுதலை. இந்த மாற்றிப் போடும் சோதனையைச் செய்யாமல் நேராகப் புதுச் சார்ஜர் வாங்குகிறவர்கள் நிறைய. பாதிப் பேருக்கு அது பலிக்கும், மீதிப் பேரிடம் இரண்டு நல்ல சார்ஜரும் ஒரு மந்தமான லேப்டாப்பும் இருக்கும்.

மிச்சம் இருப்பது லேப்டாப்பின் ஜாக்கும் அங்கிருந்து போர்டுக்குப் போகும் வயரும். பின்மூடியின் திருகுகளைக் கழற்றிவிட்டு, டோல் கட்டப் பயன்படும் டச் என் கோ கார்டில் காலாவதியான ஒன்றை விளிம்பில் நுழைத்துச் சுற்றிவந்தேன். கிளிப்புகள் உடையாமல் திறப்பதற்கு நான் வாங்கிய எந்தக் கருவியும் அந்த அட்டைக்கு ஈடில்லை. திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. பேட்டரி காலிதானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இந்த மாடலில் ஜாக் போர்டில் பற்றவைக்கப்படவில்லை. தனித் துண்டாக, சின்ன வால் வயரோடு வருகிறது. தடித்த வயர்கள் மின்சாரத்துக்கு, மெல்லிய ஒன்று நடு ஊசிக்கு. வால் முனையைப் போர்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்தேன், வயர் அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும். தடித்த வயர்கள் எல்லாவற்றிலும் உடனே பீப் அடித்தது. மெல்லிய வயரில் மௌனம். வயரை ஜாக்கின் கழுத்தருகே லேசாக வளைத்தால் ஒரு நொடி பீப், விட்டால் போச்சு. உறை வெளியே நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. டீச்சரைக் கேட்டால், ஒருநாள் வகுப்பில் ஒரு பிள்ளை வயர் தடுக்கி விழப்போனதாகச் சொன்னார். லேப்டாப் மேசையிலேயே நின்றதாம், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இழுப்பு முழுவதும் ஜாக்கின் கழுத்தில் போயிருக்கிறது. தடித்தவை தாங்கின, மெலிந்தது தாங்கவில்லை.

வெட்டி ஒட்டலாமா என்று யோசித்தேன். அறுந்த இடம் ஜாக்கின் பிளாஸ்டிக் வார்ப்புக்குள்ளேயே இருந்தது, கம்பி பிடிக்க இடமில்லை. ஆன்லைனில் புது ஜாக் 22 ரிங்கிட். வாங்கும்போது லேப்டாப் மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே மாடலிலேயே வால் நீளமும் முனையும் மாறும். வயரைச் சுற்றி ஒட்டியிருக்கும் சீட்டில் பாக எண் இருக்கும், அதைத் தட்டித் தேடினால் சரியானது கிடைக்கும்.

பொருள் வந்து சேரும்வரை டீச்சருக்கு வேலை நிற்கக்கூடாது. அதனால் த்ராட்டில்ஸ்டாப்பில் அந்த டிக்கை எடுத்து, லேப்டாப் எழும்பும்போது தானாக ஓடும்படி வைத்துக் கொடுத்தேன். இழுப்பது இசிதான், காரணம் அறுந்த வயர்தான், மாட்டியிருப்பது உண்மையான 65 வாட் சார்ஜர்தான் என்று மூன்றும் தெரிந்த பிறகு இதில் எனக்குத் தயக்கமில்லை. பேட்டரி மட்டும் ஏறாது, சார்ஜரைப் பிடுங்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். "மைலோ குடிக்க நேரமே இல்ல தம்பி இப்ப" என்று மறுநாள் குரல் பதிவு வந்தது.

ஜாக் வந்ததும் மாற்றியது பத்து நிமிட வேலை. திருகு இரண்டு, முனை ஒன்று, வயரைப் பழைய வழியிலேயே கீலுக்கு அடியில் ஓட்ட வேண்டும். மூடுவதற்கு முன் விசிறியைப் பார்த்தேன். சூட்டுத் தகட்டின் வாயில் தூசி கம்பளமாகப் படிந்திருந்தது. இத்தனை நாள் 400 மெகாஹெர்ட்ஸில் ஓடியதால் அது யாருக்கும் தெரியவில்லை, வேகம் திரும்பினால் தெரிந்திருக்கும். தகட்டைக் கழற்றிக் காய்ந்து உதிர்ந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது போட்டேன்.

தகடு இல்லாமல் சிப்பைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். லேப்டாப் சிப்பில் மூடி கிடையாது, கண்ணாடி மாதிரி பளபளக்கும் சிலிக்கான் துண்டு அப்படியே தெரியும். பழைய டெஸ்க்டாப் சிப்புகளின் உலோக மூடியில் பொடி எழுத்தில், மலேசியாவைக் குறிக்க, 'மலாய்' என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்டெல் 1972-இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் தொடங்கியது இந்தத் தீவின் பாயான் லெப்பாஸில்தான். அதைத் தொடர்ந்து வந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் எங்கள் வீட்டுப் பெண்களும் லைனில் நின்றவர்கள். என் அத்தை ஒருவர் எண்பதுகளில் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தே பல வருடம் ஓட்டினார். நான் சிப்பைத் துடைப்பதைப் பார்த்தால் "கையுறை எங்கேடா?" என்பார்.

மூடி, பேட்டரியை இணைத்து, சார்ஜரைச் செருகினேன். கறுப்புப் பக்கம் வரவில்லை. பயோஸில் அடாப்டர்: 65 வாட். பேட்டரி விளக்கு எரிந்தது. த்ராட்டில்ஸ்டாப்பை முழுக்க நீக்கிவிட்டு மறுபடி 7-ஜிப். முதல் அரை நிமிடம் எல்லாக் கோரும் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல், அப்புறம் 2.4 பக்கம் இறங்கி அங்கேயே நின்றது. ஏசி இல்லாத அறை, 31 டிகிரி. சிப் 78-ஐத் தாண்டவில்லை.

வாங்க வந்த டீச்சரின் மகன் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, 3.4 போகும்னு சொன்னீங்க, 2.4தானே காட்டுது?" என்றான். நல்ல கேள்வி. இந்தச் சிப் நிரந்தரமாகத் தின்னக்கூடிய மின்சாரம் 15 வாட். 3.4 என்பது மின்சாரம் இடம் கொடுக்கும்போது மட்டும் எட்டும் உச்சம். எட்டு த்ரெட்டும் சேர்ந்து ஓடினால் அந்த 15 வாட்டைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், 2.4 பக்கம் நின்றால் நியாயம்தான். எச்டபிள்யூஇன்ஃபோவைக் காட்டினேன். ப்ராக்ஹாட்: இல்லை. மின்வரம்பு: ஆம். இந்த 'ஆம்' ஆரோக்கியமானது. குரோமில் ஒரு பக்கத்தை மட்டும் திறக்கச் சொன்னேன், 3.4-ஐத் தொட்டுவிட்டு வந்தது. அவனுக்குத் திருப்தி.

பேட்டரி 10 விழுக்காட்டைத் தாண்டியதும் பயோஸைப் புதுப்பித்தேன், இந்த முறை மறுக்கவில்லை. முழுக்க ஏறிய பிறகு விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்தால் தயாரிப்பின்போது 42 வாட்-மணி, இப்போது 24. பூஜ்யத்திலேயே இவ்வளவு காலம் கிடந்தது அதற்கு நல்லது செய்திருக்காது. சார்ஜரைப் பிடுங்கினால் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. டீச்சருக்கு இப்போதைக்கு அது போதுமாம், போனஸ் வந்ததும் பேட்டரி மாற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.